கரகரப்பின் வரலாறு: வில்லுக்குடம், கூம்புக் குழாய், பேஸ் கிட்டார்

1

நம்மிடம் இசையின் வரலாறு பெரும்பாலும் மேல்குரலின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பாடகர், வீணை, புல்லாங்குழல், வயலின், நாயனம் ஆகியவற்றுக்குப் பரம்பரை உண்டு, ஊர்ப்பெயர் உண்டு, சுவரில் மாட்டப் படமும் உண்டு. கீழே நின்று தாங்குகிற ஒலிக்கு இவை எதுவும் கிடையாது. நாயனத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒத்துக்காரர், வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர், மெல்லிசைக் குழுவில் பின்வரிசையில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் எல்லாரும் இந்தப் பெயரற்ற வரிசையில் வருகிறவர்கள். மொழியே இதற்குச் சாட்சி சொல்கிறது. ‘ஒத்து ஊதுறான்’, ‘பின்பாட்டுப் பாடுறான்’, ‘ஜால்ரா போடுறான்’ என்று துணை நிற்கிற தொழில்களையெல்லாம் தமிழ் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது.

இந்தக் கட்டுரை ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. திருநெல்வேலி வட்டாரத்தில் மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் ஒருவர். கருவியில் போட்டிருப்பது ‘ஃபிளாட்வவுண்ட்’ எனப்படும் தட்டைச் சுற்றுத் தந்தி. ஒலியில் லேசாக, தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மாதிரி, ஒரு கரகரப்பு வேண்டும். அதற்கென்று காலால் மிதிக்கிற ‘ஓவர்டிரைவ்’ பெடல்கள் கடையில் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

கடைக்குப் போனோமா, வாங்கினோமா என்று முடிய வேண்டிய விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெடலில் இருக்கிற குமிழைத் திருகும்போது அவர் தீர்மானிப்பது, ஒலியில் எவ்வளவு ‘அழுக்கு’ இருக்கலாம் என்பதை. எது நாதம், எது இரைச்சல் என்று பிரிக்கிற அதிகாரம் யார் கையில் இருந்தது என்ற பழைய கேள்வி அந்தக் குமிழுக்குள் இருக்கிறது. கீழொலி எந்த வழியாக, யாருடைய காதுவரை போய்ச் சேர்ந்தது என்பதும் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு.

2

முதலில் தந்தி. குற்றமற்ற நரம்பு வேண்டும் என்பது தமிழில் பழைய ஆசை. நரம்புக்குக் குற்றம் நான்கு என்று இசை மரபு எண்ணி வைத்திருக்கிறது: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் நடக்கிற இசைப்போட்டியில், சீவகன் வாசிப்பதற்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்த கருவிகளைக் குற்றம் சொல்லித் தள்ளுகிறான். அவன் வீரன் என்பதற்கு வில் சாட்சி என்றால், மேன்மகன் என்பதற்கு நரம்பில் ஒட்டியிருக்கிற மயிரைக் கண்டுபிடிக்கிற காது சாட்சி. தூய ஒலியை அறிகிறவன் உயர்ந்தவன் என்கிற சொல்லாடல் நேற்று வந்ததல்ல.

தட்டைச் சுற்றுத் தந்தி இந்த ஆசையின் நவீன வடிவம் போலத் தோன்றும். நடுவில் ஓர் எஃகுக் கம்பி. அதன் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் அது சொரசொரப்பான ‘ரவுண்ட்வவுண்ட்’. உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான உலோக நாடாவைச் சுற்றினால் மேற்பரப்பு வழுவழுப்பாகிவிடும். விரல் வழுக்கும்போது கிறீச்சிடாது. மேற்சுரங்கள் குறைவு, மீட்டியதும் ‘தும்’ என்று எழுந்து உருண்டையாக நின்று சீக்கிரம் அடங்கும். 1951இல் ஃபெண்டர் நிறுவனம் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின் பேஸ் கிட்டாரை வெளியிட்ட காலத்தில் பேஸுக்கு வழக்கமாகப் போட்டது இந்தத் தந்திதான். சொரசொரப்புத் தந்தி பரவலானது 1960களின் பிற்பாதியில்.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில் கூலிக்கு வாசித்த கறுப்பினக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) இந்தத் தந்தியைக் கொண்டே ஒரு காலகட்டத்தின் கீழொலியை உருவாக்கினார். தந்தியை மாற்றுகிற வழக்கமே அவரிடம் அநேகமாக இல்லை. உலகம் முழுக்க ஒலித்த அந்தப் பாட்டுகளின் உறைகளில் வருடக்கணக்காக அவர் பெயர் கிடையாது. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில்தான் மோடவுன் அவர் பெயரை அச்சிட்டது. ஒத்துக்காரரின் கதை டெட்ராய்ட்டிலும் அதே கதைதான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நரம்பு வழுவழுப்பாக ஆக, கீழொலி அழகாகும். கூடவே அது காணாமலும் போகும். தவில், மேளம், கீபோர்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கிற இடத்தில் மேற்சுரம் இல்லாத கீழொலி உடம்பில் ஓர் அதிர்வாக மட்டும் மிஞ்சும். அது என்ன சுரம் என்று காதுக்குப் பிடிபடாது. காதுக்கு அடையாளம் காட்டுவது மேற்சுரங்கள்தான். ஆகவே குற்றமற்ற நரம்பைத் தேர்ந்தெடுத்தவர், கேட்கப்பட வேண்டுமானால், கொஞ்சம் குற்றத்தை வேறு வழியில் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும். ஓவர்டிரைவ் பெடலின் வேலை அதுதான்.

3

‘குற்றத்தைத் திரும்பக் கொண்டுவருவது’ என்பது நமக்குப் புதிதா? சபா மேடையின் நடுவில் இருக்கிற தம்புராவைப் பாருங்கள். அதன் குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு பஞ்சு நூலைச் செருகி நகர்த்துவார்கள். ஓர் இடம் வந்ததும் தந்தி குதிரையை உரசி ‘ரீங்ங்’ என்று இரையத் தொடங்கும். அந்த நூலுக்கு வைத்திருக்கிற பெயர் ‘ஜீவா’. இரைச்சலை உண்டாக்குகிற நூலுக்கு உயிர் என்று பேர்.

சி.வி. ராமன் 1921இல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் குறிப்பு இதன் இயற்பியலைத் தொட்டது. ஒரு தந்தியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்கக்கூடிய மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி தோற்றுப்போவதை, இருக்கக் கூடாத மேற்சுரங்கள் வலுவாகக் கேட்பதை ராமன் காட்டினார். அகன்று வளைந்த குதிரையும், தம்புராவில் அந்த நூலும்தான் காரணம். தந்தி தன்பாட்டுக்கு அதிராமல் ஒரு தடையில் மோதி மோதி அதிர்கிறது. மோதலில் புதிய சுரங்கள் பிறக்கின்றன. மின்சாரத்தில் ஓவர்டிரைவ் செய்வதும் கருத்தளவில் இதே காரியம்தான். அலை எழும்பும்போது அதன் தலையில் ஒரு தடையை வைக்கிறார்கள், தலை மழுங்குகிறது, மழுங்கிய அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் இருக்கின்றன.

மிருதங்கத்திலும் உண்டு. வலந்தலைத் தோல் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய ஈர்க்குச்சித் துண்டு வைத்தால் அது குச்சி மிருதங்கம். பொடிக்கல் வைத்தால் கப்பி மிருதங்கம். ஒலிக்கு ஒரு கூர்மையும் கிணுகிணுப்பும் கிடைப்பதற்காகவே இது. தோலை உரித்து, பதப்படுத்தி, இந்தக் கல்லை எண்ணி வைக்கிறவர்கள் யார், மேடையில் உட்காருகிறவர்கள் யார் என்கிற கேள்வியை டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) விரிவாக எழுப்பியிருக்கிறது.

ஆகவே மரபுக்குக் கரகரப்பின் மீது வெறுப்பு என்று சொல்வது சரியல்ல. கரகரப்பு சபாவுக்குள் வந்தால் ‘ஜீவன்’, ‘நாதம்’. அதுவே கோயில்கொடைப் பந்தலில் குழாயிலிருந்து வந்தால் ‘இரைச்சல்’, ‘ஒலி மாசு’. இயற்பியல் ஒன்றுதான். பெயரிடுகிற இடம்தான் வேறு.

4

கொடைப் பந்தலுக்கு வருவோம். தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து வடக்கே தாமிரபரணிப் பாசன ஊர்கள் வரை, சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை என்றால் வில்லுப்பாட்டு வேண்டும். நீண்ட வில், அதில் தொங்கும் மணிகள், முறுக்கி இழுத்த தோல் நாண், அதைத் தட்டுகிற வீசுகோல், உடுக்கை, ஜால்ரா, கட்டை. வில்லின் நடுவில் அணைத்துக் கட்டியிருப்பது ஒரு மண்குடம்.

இந்தக் குடம்தான் நம் வட்டாரத்தின் பேஸ். குடம் அடிப்பவர் ஒரு கையில் பாக்குமட்டையால் செய்த ‘பத்தி’யை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார். உள்ளிருக்கும் காற்று அமுங்கி விரிந்து ‘தும்’ என்று ஆழமாக எழும். பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போல வேலை செய்கிறது என்பதும், பானையின் கொள்ளளவையும் வாயின் அளவையும் பொறுத்து அந்தக் கீழொலியின் உயரம் அமைகிறது என்பதும் இயற்பியல். மற்றக் கையில் ஒரு காசு. அதைக் கொண்டு குடத்தின் உடம்பில் தட்டுவார்; ‘டிக்’ என்று கூர்மையாக விழும். பத்தி தருவது வழுவழுப்பான ஆழம். காசு தருவது கூர்மையான விளிம்பு. இரண்டும் தனித்தனிக் கையில் இருக்கின்றன. எவ்வளவு ஆழம், எவ்வளவு விளிம்பு என்பதைக் கதையின் போக்கைப் பார்த்து அவரே கூட்டுவார், குறைப்பார். இன்று பேஸ் பெடல்களில் ‘பிளெண்ட்’ என்று ஒரு குமிழ் வைத்து விற்கிறார்களே, அந்தத் தத்துவம் முழுவதும் ஒரு மண்பானையிலும் ஒரு காசிலும் முன்பே இருந்தது. இதை நம் ஊர்ப் பெருமையாகச் சொல்லவில்லை. கீழொலியைக் கேட்க வைப்பது எப்படி என்ற பிரச்சினைக்கு உழைக்கிறவர்கள் கண்ட விடை இது என்பதற்காகச் சொல்கிறேன்.

வில்லின் நாண் தோல் என்பதையும் சும்மா விட முடியாது. வில்லில் பாடப்படுகிற கதைகளில் முக்கியமானது முத்துப்பட்டன் கதை. பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை மணப்பதற்காகப் பூணூலை அறுத்துத் தோல் வேலை கற்றவன் அவன். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றும் செருப்புத்தான் காணிக்கை. நா. வானமாமலை (1917–1980) 1971இல் இந்தக் கதையைப் பதிப்பித்தார். நாட்டார் கதைப்பாடல்களை ஆய்வுலகம் பொருட்படுத்தும்படி செய்ததில் அவருக்கும் ‘ஆராய்ச்சி’ இதழுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தத் தலைமுறை தேடியது பிரதியை. வரி கிடைத்தது; வரிக்கு அடியில் இருந்த குடத்தின் ஒலி ஏட்டில் ஏறவில்லை. 1988இல் வெளிவந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் வில்லுப்பாட்டு ஆய்வுதான் நிகழ்த்துதலையே மையத்தில் வைத்தது. துர்மரணம் அடைந்தவனின் கதை பாடப்படும்போது ஆட்டம் முற்றிச் சாமி வருகிறது என்பதை அவர் விரிவாகப் பதிவு செய்கிறார். அந்த நேரத்தில் குடமும் மற்றத் தாளக் கருவிகளும் சும்மா பக்கவாத்தியமாக நின்றுகொண்டிருக்கவில்லை. அவை இல்லாமல் சாமி இல்லை.

5

பிறகு குழாய் வந்தது. ‘ரேடியோ செட்டு’ என்று ஊரில் சொல்கிற ஒலிபெருக்கி. வேப்ப மரத்திலும் கம்பத்திலும் கட்டிய அலுமினியக் கூம்புகள். சாமிப் பாட்டும் சினிமாப் பாட்டும் வயல்காட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்டது இந்தக் கூம்பு வழியாகத்தான்.

கூம்புக்கு ஒரு குணம் உண்டு. அதன் வாயகலமும் நீளமும் ஓர் எல்லை போட்டுவிடும். சாதாரணக் கூம்புக் குழாய் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதையும் வெளியே தள்ளாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் எழுவது 41 ஹெர்ட்ஸ். அடுத்தது 55, அதற்கடுத்து 73, கடைசித் தந்தி 98. இருபது கட்டையும் ஏறிப்போய் உச்சியில் வாசித்தால்தான் 300ஐத் தொடும். அதாவது பேஸ் கிட்டாரின் அடிப்படை அதிர்வுகள் ஏறத்தாழ முழுவதும் கூம்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன.

1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்தார். அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் தமிழ்ச் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டாரின் இடமே மாறியது. தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதை விட்டு அது தானே ஒரு எதிர்மெட்டாக நடக்கத் தொடங்கியது. சசிதரன் போன்ற கலைஞர்கள் அதை வாசித்தார்கள். சரி, கூம்புக் குழாயில் மட்டும் அந்தப் பாட்டைக் கேட்ட ஊர்க்காரர்கள் கேட்டது எதை? அடிப்படை அதிர்வு வராத இடத்தில் அவர்கள் பேஸின் நடையை எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

மேற்சுரங்கள் வழியாகத்தான். 41 இல்லை, அதன் மடங்குகளான 328, 369, 410 என்று மேலே இருப்பவை கூம்பைத் தாண்டி வருகின்றன. மடங்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே கட்டிக்கொள்கிறது. கேட்டல் பற்றிய அறிவியல் இதை ‘காணாமற்போன அடிப்படை’ என்று சொல்கிறது. சின்ன ஸ்பீக்கரில் கனத்த குரலைக் கனத்த குரலாகவே நாம் அறிவதற்கும் இதுவே காரணம். செட்டுக்காரர் வால்யூமை ஏற்றினால் ஆம்ப்ளிஃபயரும் கூம்பின் தகடும் தம் எல்லையைத் தொட்டு அலையை மழுக்கும். ‘செட்டு கிழியுது’ என்பார்கள். அந்தக் கிழிசல் மெல்லியதாக இருந்த அளவுக்கு மேற்சுரங்கள் கூடின. கீழொலியின் நடை வயலைத் தாண்டியது. முற்றிப்போனால் எல்லாம் குழம்பியது என்பதும் உண்மை.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பும் தூரத்துக்குக் கேட்டவை மேற்சுரம் செறிந்த கருவிகளே. காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) கையில் எடுத்த நாயனம் கோயில் வெளியில் வாசிக்கவென்றே ஆன கருவி. சீவாளியின் இரண்டு நாக்கும் மோதுவதில் பிறக்கிற அடர்த்திதான் மைக் இல்லாமலே அதைத் தெருமுனை தாண்டிக் கொண்டுபோனது. அதைக் கரகரப்பு என்று யாரும் சொல்வதில்லை. வலிமை என்று சொல்வார்கள்.

6

மேற்கில் ஓவர்டிரைவின் கதையும் உடைந்த பொருள்களிலிருந்தே தொடங்குகிறது. 1951இல் ஐக் டர்னர் குழு ‘ராக்கெட் 88’ பாட்டைப் பதிந்தபோது கிட்டார் பெருக்கி சேதமாகியிருந்தது. அந்தக் கரகரப்பு அப்படியே தட்டில் ஏறியது. 1958இல் லிங்க் ரே தம் ஒலிபெருக்கியின் கூம்பில் தாமே ஓட்டை போட்டார். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றில் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறுதந்தி பேஸ், ஒலிப்பதிவு மேசையில் ஏற்பட்ட பழுதால் கிழிந்து ஒலித்தது. பழுதை நீக்காமல் அப்படியே விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஒரு சின்னப் பெட்டிக்குள் திரும்ப உண்டாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. விற்பனைக்கு வந்த முதல் கரகரப்புப் பெடல் ஒரு கீழொலிக் கருவியின் பழுதிலிருந்து பிறந்தது என்பது கவனத்திற்குரியது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பயன்படுத்திய பிறகே அது நன்றாக விற்றது. அதே ஆண்டு பீட்டில்ஸின் ஒரு பாட்டில் பால் மெக்கார்ட்னி சுத்தமான பேஸ் ஒன்றும் கரகரப்பான பேஸ் ஒன்றுமாக இரண்டைப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். ஒரு கையில் பத்தி, மறுகையில் காசு.

1977இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் ஓ.டி.-1 பெடலையும், 1979இல் ஐபனஸ் டி.எஸ்.-808 பெடலையும் வெளியிட்டன. ‘கிழிப்பது’ போய் ‘லேசாகச் சூடேற்றுவது’ வந்தது. ஏழையின் பழுது நுட்பமான ரசனையாக, விலைப்பட்டியலோடு திரும்பி வந்தது. முதலியம் செய்கிற காரியங்களில் இதுவும் ஒன்று. உடைந்த பெருக்கி கறுப்பின இளைஞரிடம் இருந்தால் வறுமை; அதே ஒலி பெட்டிக்குள் வந்தால் பண்டம். இதைச் சொல்லிவிட்டுப் பெடலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கருவியை யார் செய்தார்கள் என்பது ஒரு கேள்வி. அதைக் கொண்டு நாம் என்ன கேட்க வைக்கிறோம் என்பது இன்னொன்று.

7

எனவே கேள்விக்கு வருவோம்: தட்டைச் சுற்றுத் தந்திக்கு எப்படிப்பட்ட பெடல்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேஸ் கேட்கவில்லை என்றால் உடனே ‘ட்ரெபிளை ஏத்து’ என்பார்கள். ஈக்வலைசர் இருப்பதைத்தான் உயர்த்தும், இல்லாததை உண்டாக்காது. தட்டைச் சுற்றுத் தந்தியில் மேற்சுரம் குறைவு; ட்ரெபிளை ஏற்றினால் மேலே ஏறுவது பெரும்பாலும் மின் இரைச்சலும் விரல் உரசலும்தான். ஓவர்டிரைவ் அப்படியல்ல, தந்தி தந்த சுரத்திலிருந்தே புதிய மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது. அவை அந்தச் சுரத்தின் பிள்ளைகள். அதனால்தான் லேசாக வைத்தால் ‘எஃபெக்ட்’ என்று தெரியாமல், வாசிப்புத்தான் தெளிவாகிவிட்டது போல ஒலிக்கிறது.

இரண்டாவது, கீழொலியைத் தின்னாத பெடலாக இருக்க வேண்டும். கிட்டாருக்கென்று செய்தவை பலவும் அலையை மழுக்குவதற்கு முன்பே கீழ் அதிர்வுகளை வெட்டிவிடும். டி.எஸ்.-808இல் அந்த வெட்டு ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்குகிறது. கிட்டாருக்கு அது தெளிவு. பேஸுக்கு அது வேரை வெட்டுவது. ஆகவே சுத்தமான ஒலியையும் கரகரப்பையும் தனித்தனியே வைத்துக் கலக்கிற வசதி இருக்க வேண்டும். பேஸுக்கென்றே 1994இல் வந்த பாஸ் ஓ.டி.பி.-3 போன்றவற்றில் அந்தக் கலப்புக் குமிழ் இருக்கிறது. சுத்தமான பாதி கீழே நிற்கட்டும். கரகரப்பு மேலே ஒரு விளிம்பாக மட்டும் இருக்கட்டும். மறுபடியும் குடத்தின் பாடம்தான்.

மூன்றாவது, கைக்குக் கட்டுப்பட வேண்டும். மெதுவாக மீட்டினால் சுத்தம், அழுத்தினால் கரகரப்பு என்று விரலைப் பின்தொடர்கிற பெடல் நல்லது. அலையின் தலையைச் சட்டென்று வெட்டுகிற ‘ஃபஸ்’ இந்தத் தந்திக்குப் பொருந்தாது என்பதில்லை. ஆனால் ‘லேசாக’ என்பதற்கு அது உதவாது. மெல்ல மழுக்குகிறது வேண்டும். அலையின் இரண்டு பக்கத்தையும் சமமாக மழுக்கினால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் கூடும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று மழுக்கினால் இரட்டைப்படைச் சுரங்களும் சேரும். அவற்றில் முதலாவது அடிச்சுரத்துக்கு நேர் மேல்ஸ்தாயி. அதனால் ஒலி உருண்டையாக இருக்கும். எது வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

நான்காவது, இரண்டு தந்தியைச் சேர்த்து வாசிக்கிறவர் கவனிக்க வேண்டியது. மழுக்கலில் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, இரண்டிலும் இல்லாத மூன்றாம் நான்காம் அதிர்வுகளை உண்டாக்கும். கீழ் ஸ்தாயியில் அது சேறு. ஒற்றைச் சுரமாக நடக்கிற, இழைத்து வாசிக்கிற நம் பாணிக்கு இந்தச் சிக்கல் குறைவு.

கடைசியாக, சோதிக்கிற இடம். கடையில் தனியாக உட்கார்ந்து, நல்ல ஸ்பீக்கரில், மெதுவாக வாசித்துப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிற கரகரப்பு, குழுவோடு சேரும்போது கரைந்துபோகும். தனியாகக் கேட்டு இனிமை என்று முடிவு செய்தது பந்தலில் காணாமற்போகும். மேளத்தோடு சேர்த்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்றிலும் போட்டுக் கேட்க வேண்டும். கைப்பேசியில் பாட்டுக் கேட்கிற இன்றைய காதும் கூம்புக் குழாய்க் காதின் வாரிசுதான். அதற்கும் அடியதிர்வு போய்ச் சேர்வதில்லை.

8

இது இன்று ஏன் பேச வேண்டிய விஷயம்? ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மட்டும், மாநில அரசு தளர்த்திக்கொள்ளலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் வரம்பு. 2005இல் உச்ச நீதிமன்றம் இந்தத் திசையிலேயே விரிவான தீர்ப்பு வழங்கியது. இரவு தூங்க முடியாத நோயாளியின் உரிமையை, படிக்கிற பிள்ளையின் உரிமையை நாம் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. தேர்தல் கூட்டத்துக்கும் திருமண மண்டபத்துக்கும் இதே கண்டிப்பு உண்டா என்றும் கேட்டாக வேண்டும். ஆனால் சாமக்கொடை என்பதே சாமத்தில் நடப்பது. கதை உச்சத்துக்கு வருகிற நேரமும் சட்டம் வாயை மூடச் சொல்கிற நேரமும் ஒன்றாக இருக்கின்றன. எவ்வளவு சத்தம் என்று சட்டம் அளக்கிறது. எந்தச் சத்தம், யாருடையது, எதற்காக என்பதற்கு டெசிபலில் அளவு கிடையாது.

இன்னொரு பக்கம், கூம்பு போய்ப் பெரிய பெட்டிகள் வந்துவிட்டன. அடியதிர்வு நெஞ்சைக் குலுக்குகிறது. ஆனால் என்ன சுரம் என்று தெரிவதில்லை. முன்பு கீழொலி இல்லாமல் அதன் நடை கேட்டது. இப்போது கீழொலி இருந்தும் நடை கேட்பதில்லை. குடத்தின் முன்னால் மைக்கை வைத்துவிட்டு ‘பேஸ்’ குமிழை முழுக்கத் திருகிவிட்டால் பத்தியின் ‘தும்’ மட்டும் பெருத்து, காசின் ‘டிக்’ அமுங்கிப்போகிறது. குடம் அடிப்பவரின் ஒரு கையை வெட்டியது போலத்தான் அது. பேஸ் கிட்டார்க்காரருக்கு நேர்வதும் இதுவே.

லேசான கரகரப்பு என்பது, அப்படிப் பார்த்தால், அலங்காரமல்ல. கீழே நின்று தாங்குகிறவன் தானும் ஒரு சுரம் சொல்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்கான குறைந்தபட்சம் அது. சபா அதை ஜீவன் என்று அனுமதித்தது. பந்தலில் இரைச்சல் என்று விலக்கியது. சந்தை அதைப் பெட்டியில் அடைத்து விற்றது. மூன்றையும் தெரிந்துகொண்டு குமிழைத் திருகுகிறவரின் தேர்வு வேறு மாதிரி இருக்கும்.

களத்துக்குப் போகிற நண்பர்களுக்குச் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. கொடை நோட்டீஸில் வில்லிசைப் புலவரின் பெயர் பெரிதாக இருக்கும், மற்றவர்கள் ‘குழுவினர்’. அந்தக் குழுவினரில் குடம் அடிப்பவர் யார், குடத்தை வனைந்த வேளார் எந்த ஊர், பத்தியை யார் செய்து கொடுத்தது, நாணுக்குத் தோல் எங்கிருந்து வந்தது, காசு எந்தக் காலத்துக் காசு என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்யப் போகிறவர்கள் குடத்துக்கு இரண்டு மைக் வையுங்கள். வாய்க்கு ஒன்று, காசு விழுகிற பக்கத்துக்கு ஒன்று.